செப்டம்பரில் வாக்களித்த பிள்ளைகள் நவம்பரில் ஏன் வரவில்லை?

பொகவந்தலாவை புத்தகக் கடை:
வணக்கம். 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலிலும் நவம்பர் பாராளுமன்றத் தேர்தலிலும் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அமைந்த வாக்களிப்பு நிலையத்தில் முகவராக இருந்தேன். வாக்களித்தவரின் பெயருக்கு நேரே வாக்காளர் இடாப்புப் பிரதியில் கோடு போடுவது என் வேலை. செப்டம்பரில் கோடு விழாத பெயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நவம்பரிலோ பக்கத்திற்குப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. நாடு முழுவதிலுமே வாக்களிப்பு 79 சதவீதத்திலிருந்து 69 சதவீதத்திற்கு இறங்கியது என்றாலும், எங்கள் நிலையத்தின் வீழ்ச்சி அதைவிடப் பெரிதாகவே என் கண்ணுக்குப் பட்டது. அதே நேரத்தில், செப்டம்பரில் சஜித் பிரேமதாச முன்னிலை பெற்ற நுவரெலியா மாவட்டத்தில், நவம்பரில் திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற தேசிய மக்கள் சக்தி எட்டு ஆசனங்களில் ஐந்தைப் பெற்றது. மக்கள் மனம் மாறியதா, அல்லது பழைய கட்சிகளுக்கு வாக்களித்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்களா? இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்று டவுனில் சொல்கிறார்கள். அதை ஏற்க என் மனம் மறுக்கிறது.

கொட்டகலை தாய்:
அக்கறை இல்லை என்று சொல்பவர்கள் ஒரு முறை நாட்காட்டியைப் பார்க்கட்டும். ஜனாதிபதித் தேர்தல் சனிக்கிழமை நடந்தது, வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் வந்தார்கள். தீபாவளி ஒக்டோபர் 31 ஆம் திகதி, அதற்கும் வந்தார்கள். சரியாகப் பதினான்கு நாட்கள் கழித்து, நவம்பர் 14 வியாழக்கிழமை, மறுபடியும் வாருங்கள் என்றால், கடையில் நாள் சம்பளத்திற்கு நிற்கும் பிள்ளை எப்படி வருவான்? என் மகன் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்கிறான். தீபாவளிக்குக் கொடுத்த லீவே போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். 100 முதல் 150 கிலோமீற்றர் தூரத்திலுள்ள வாக்களிப்பு நிலையத்திற்குச் செல்லும் தனியார் ஊழியருக்குச் சம்பளத்துடன் ஒன்றரை நாள் லீவு கொடுக்க வேண்டும் என்று தேர்தல் ஆணைக்குழு சொல்லியிருப்பதை அவன் எடுத்துச் சொன்னபோது, அப்படியானால் அங்கேயே இருந்துகொள் என்று பதில் வந்ததாம். அரசாங்க உத்தியோகத்தருக்குத் தபால் மூல வாக்கு உண்டு. கடைப் பிள்ளைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கும் அது இல்லை. அன்று மாலை நான்கு மணிக்கு வாக்களிப்பு முடியும்வரை அவன் என்னிடம் மூன்று தடவை தொலைபேசியில் கேட்டது, யாருக்குக் கூட்டம் அதிகம் என்பதைத்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மஸ்கெலியா:
அம்மா சொன்னது முழு உண்மை. தம்பியின் இரண்டாவது கேள்வியில் மட்டும் ஒரு திருத்தம் தேவை. மாவட்ட முடிவைத் தோட்டத்தின் முடிவாக வாசிக்கக்கூடாது. நுவரெலியா-மஸ்கெலியா தொகுதியோடு கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை ஆகிய தொகுதிகளும் சேர்ந்ததே மாவட்டம். அந்த ஐந்து ஆசனங்களும் மாவட்ட வாக்குகளில் பாதியை எட்டாமலேயே கிடைத்தவை. மலையகக் கட்சிகளான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் யானைச் சின்னத்திலும் தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் அணியின் தொலைபேசிச் சின்னத்திலும் பிரிந்து நின்றதால், அவற்றுக்கு ஒன்றும் இரண்டுமாகவே ஆசனங்கள் சேர்ந்தன.

ஆனாலும் தோட்டத்திற்குள் மாற்றம் நடந்திருக்கிறது. எங்கள் காலத்தில் தொழிற்சங்கமும் கட்சியும் ஒன்றாகவே இருந்தன. மாதச் சம்பளத்தில் சந்தா பிடிபடும், தேர்தல் வந்தால் தோட்டத் தலைவர் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் லயமாக வந்து சின்னத்தையும் விருப்பு வாக்கு இலக்கங்களையும் சொல்வார், அதன்படியே புள்ளடி விழும். இதை அடிமைத்தனம் என்று இன்று இகழ்வது சரியல்ல. 1948 இல் பிரஜாவுரிமையையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையையும் இழந்த மக்கள், 1977 இல் மூன்று உறுப்பினர் தொகுதியான நுவரெலியா-மஸ்கெலியாவில் இ.தொ.கா. தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானை மூன்றாவது உறுப்பினராகத் தெரிவுசெய்தபோதுகூட, அவர்களில் பெரும் பகுதியினர் இடாப்பிலேயே இருக்கவில்லை. 1988, 2003 ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்கள் வரும்வரை அந்தக் கதை முடியவில்லை. என் தாயார் முதன்முதலாக வாக்களிக்கச் சென்ற நாளில், யாரும் கேட்காமலேயே பிரஜாவுரிமைச் சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு போனார். அதிகாரி வேண்டாம் என்ற பிறகும் மேசையில் விரித்துக் காட்டிவிட்டே புள்ளடி போட்டார். அந்தத் தலைமுறைக்குச் சங்கம் சொன்ன சின்னம் ஒரு பாதுகாப்பாக இருந்தது.

2021 இல் சங்கங்களும் கம்பனிகளும் பேசிச் சம்பளத்தைத் தீர்மானித்த கூட்டு ஒப்பந்தம் கைவிடப்பட்டு, நாட் சம்பளம் சம்பள நிர்ணய சபையின் மூலம் 1,000 ரூபாவாக்கப்பட்ட பின்னர் சங்கத்தின் பிடி மேலும் தளர்ந்தது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபா என்று அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் வர்த்தமானியில் வந்ததோ 1,350. கொழுந்து பறிக்கும் பெண்கள் இந்தக் கணக்கை மறக்கவில்லை.

கொழும்பில் வேலை செய்யும் தங்கை:
ஐயா, நான் நவம்பரில் வந்தேன். இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே ஹட்டன் வந்து, காலை ஏழரைக்கு வாக்களித்துவிட்டு, அன்று பிற்பகலே திரும்பினேன். வீட்டில் எல்லோரும் ஒரு சின்னம், நான் முதல் தடவையாக வேறு சின்னம். அந்தத் தேர்தலில்தான் மலையகத் தமிழ்ப் பெண்கள் இருவர், நுவரெலியாவிலிருந்து ஒருவரும் பதுளையிலிருந்து ஒருவருமாக, முதன்முறையாகப் பாராளுமன்றம் சென்றார்கள். அந்தப் பஸ் பயணத்தை நினைத்து இன்றும் எனக்குச் சந்தோஷம்.

பெயரைக் கொழும்பு இடாப்பிற்கு மாற்றினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். மாற்ற முடியும், ஆனால் பயம். தோட்டக் குடும்பங்களுக்குத் தருவதாகச் சொல்லும் ஏழு பேர்ச்சஸ் காணியும் வீடும் வரும்போது, உங்கள் பிள்ளை இங்கே பதிவில் இல்லையே என்று யாராவது சொல்லிவிட்டால் அப்பா அம்மா என்ன செய்வார்கள்? கொழும்பில் நாங்கள் தங்கியிருக்கும் அறையின் உரிமையாளரும் எங்கள் பெயர்களைத் தன் வீட்டு இலக்கத்தில் பதிய விரும்புவதில்லை. அதனால் பெயர் லயத்தில், ஆள் கொழும்பில். 2025 மே 6 செவ்வாய்க்கிழமை, சித்திரைப் புத்தாண்டுக்கு வந்து போன மூன்றாவது வாரம், உள்ளூராட்சித் தேர்தலுக்கு என்னால் வர முடியவில்லை. எங்கள் வீதிக்கும் தண்ணீருக்கும் பொறுப்பான பிரதேச சபைக்குத்தான் நான் வாக்களிக்கவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

பொகவந்தலாவை புத்தகக் கடை:
அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு நவம்பர் இடாப்புப் பிரதியை மறுபடி புரட்டினேன். தங்கை சொன்னதே கண்ணுக்குத் தெரிந்தது. ஒரே லய அறையின் இலக்கத்தில் தாய்க்கும் தந்தைக்கும் கோடு இருக்கிறது, கீழே இரண்டு, மூன்று பிள்ளைகளின் பெயர்களுக்கு இல்லை. இப்படிப் பதினேழு அறைகளை எண்ணிய பிறகு நிறுத்திவிட்டேன். இடாப்பு மீளாய்வுக்கு கிராம சேவகர் வரும்போது, பெயரை மாற்றுவதால் காணி உரிமைக்குப் பாதிப்பு வருமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறப்போகிறேன். பதில் கிடைத்ததும் இங்கே பதிகிறேன்.