சுற்றுப்படத்தை வரைந்தவர் யாரென்று தெரியவில்லை

40 மீட்டர் பேண்டுக்கான (ஒரு சிற்றலை வரிசை) டைரக்ட் கன்வெர்ஷன் ரிசீவர் (ரேடியோ அலையை நேரடியாக ஒலியாக மாற்றும் எளிய வானொலி ஏற்பி) சுற்றுப்படம் ஒன்றைத் தமிழ் விளக்கத்தோடு இந்த மாத இறுதியில் ஹாம் (அமெச்சூர் வானொலி) நண்பர்களுக்குப் பகிர வேண்டும். அதில் எஸ்ஏ612 மிக்ஸர் சிப், எல்எம்386 ஆடியோ பெருக்கி சிப். இருப்பது ஸ்கேன் படம். ஓரத்தை வெட்டியதில் பெயரும் உரிமக் குறிப்பும் போய்விட்டன, வரைந்தவரின் பாதி கால்சைன் (ஹாம் ஒருவருக்குரிய அடையாளக் குறி) மட்டும் மிச்சம்.

படத்தை வைத்துத் தேடினால் அதே வெட்டிய பிரதிதான் வருகிறது. மெட்டாடேட்டா காலி. பாதி கால்சைனுக்குப் பலர் பொருந்துகிறார்கள். காலாவதியான கால்சைன் வேறொருவருக்குப் போயிருக்கவும் கூடும், அதனால் ஊகித்துப் பெயர் போட மாட்டேன். சுற்று இயங்கும் முறைக்குப் பதிப்புரிமை இல்லை. வரைபடத்துக்கும் எழுத்துக்கும் உண்டு. 'இணையத்தில் கிடைத்தது' என்பது நன்றி சொல்வதே ஆகாது.

கைகேட் (KiCad) என்ற சுற்று வரையும் மென்பொருளில் புதிதாக வரைந்து, 'மூலப் படைப்பாளர் தெரியவில்லை' என்று அந்தப் பாதி கால்சைனோடு குறித்து வெளியிட்டால் முறையாகுமா?