இரட்டைக் குழந்தை பிறந்து 19 நாள், இரவில் மட்டும் பிபி இறங்க மாட்டேன் என்கிறது

வணக்கம். மனைவிக்கு 31 வயது, முதல் பிரசவம். 33ஆம் வாரம் வரை பிபி 120/80ஐத் தாண்டவில்லை. 34இல் திடீரென்று 150/100, சிறுநீரில் புரதம். 35இல் சிசேரியன். குழந்தைகள் இரண்டும் நலம்.

பிரச்சினை அதற்கப்புறம்தான். மூன்றாம் நாள் காலை தலைவலி என்றாள். முதுகில் ஊசி போட்டதால் வரும் வலி என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம், யாரிடமும் சொல்லவில்லை. மதியம் "விளக்கைச் சுத்தி வளையமாத் தெரியுது" என்று சொல்லி முடிப்பதற்குள் கண் மேலே செருகி, கை விறைத்து, வலிப்பு. அப்போது பிபி 176/114. வலிப்பு மறுபடி வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் மருந்தை 24 மணி நேரம் ஏற்றினார்கள். மூளை ஸ்கேன் நார்மல். மறுபடி வலிப்பு வரவில்லை.

இப்போது பிபிக்கு லாபெட்டலால், நிஃபெடிபின் என்று இரண்டு மாத்திரையும் ஓடுகிறது. காலையில் 132/84, இரவு பத்துக்கு மேல் 152/98. டோஸ் இரண்டு முறை மாற்றியாயிற்று. மேல்கையில் கட்டும் டிஜிட்டல் மெஷின். ஆஸ்பத்திரிக் கருவியோடு ஒப்பிட்டதில் 3 புள்ளிதான் வித்தியாசம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகே பார்க்கிறோம். வலிக்குக் கொடுத்த இபுபுரூஃபெனை டாக்டர் நிறுத்திவிட்டார். உப்பும் குறைத்தாயிற்று. தூக்கத்தைத்தான் கூட்ட வழியில்லை, குழந்தைகள் இருவரும் முறை வைத்து அழுகிறார்கள். 160/110ஐத் தொட்டாலோ, தலைவலி, பார்வை மங்கல் வந்தாலோ உடனே ஓட வேண்டும் என்பது தெரியும்.

பிரசவத்துக்குப் பிறகு இப்படி வலிப்பு வந்தவர்களுக்கு, மாத்திரையே இல்லாமல் இரவு பிபி 140/90க்குக் கீழே நின்றது எத்தனையாவது வாரத்தில்?