பெரிய போன் வாங்கலாமா என்று கேட்டிருந்தேனே: மூன்று மாதம் கழித்து ஒரு புதுப்பிப்பு

6.8 அங்குல போன் அன்றாடத்துக்குச் சரிவருமா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் "வேண்டாம், கை வலிக்கும்" என்றீர்கள். வாங்கிவிட்டேன்.

கை வலிப்பது உண்மைதான். காரணம் அகலம் இல்லை, எடை. 230 கிராமுக்கு மேல். படுத்துக்கொண்டு படித்தால் சுண்டுவிரலில் தடம் பதிகிறது. இரண்டு தடவை மூக்கிலும் விழுந்தது.

அகலத்துக்குப் பயந்ததுதான் தப்பு. 2011-இல் வந்த சாம்சங்கின் முதல் கேலக்ஸி நோட் போனின் திரை 5.3 அங்குலம், ஆனால் அகலம் 83 மில்லிமீட்டர். அதே சாம்சங்கின் எஸ்24 அல்ட்ரா போனின் திரை 6.8 அங்குலம், அகலமோ 79 மில்லிமீட்டர்தான். ஓரப் பட்டைகள் மெலிந்து, உருவம் நீண்டுவிட்டது. அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பது என்பதை மறந்துவிட்டு அத்தனை நேரம் சண்டை போட்டிருக்கிறோம்!

நீளம்தான் தொல்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் மேல்மூலையைத் தொட முடியாது. சட்டைப் பையில் வைத்துக் குனிந்தால் வெளியே குதிக்கப் பார்க்கும்.

"மினி வாங்கு" என்றவருக்கு: ஐபோன் மினி என்ற சின்ன போன் வரிசை 2021-இல் வந்த ஐபோன் 13 மினியோடு நின்றுபோனது.

அப்புறம், அம்மா கண்ணாடி இல்லாமலே இதில் வாட்ஸ்அப் படிக்கிறார். பாதி நேரம் போன் அவரிடம்தான்.