சனி ஞாயிறு ரெண்டே நாள், கார் இல்லாம நடந்தே பாக்கணும், கும்பகோணமா தஞ்சாவூரா?

பட்டுக்கோட்டை_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் பட்டுக்கோட்டை, வேலை சென்னைல. சின்ன வயசுலேருந்து கும்பகோணம் தஞ்சாவூர் ரெண்டுக்கும் போயிருக்கேன் ஆனா எல்லாமே கல்யாணம், வேண்டுதல், இல்லன்னா வேன் புடிச்சு ஒரே நாள்ல நவக்கிரகம்னு ஓடுனதுதான், ஊர ஊரா பாத்ததே இல்ல. வர்ற புரட்டாசில அப்பாவக் கூட்டிக்கிட்டு ஏதாவது ஒரு ஊர்ல ரூம் போட்டு தங்கி தெருத்தெருவா நடந்து பாக்கலாம்னு ஆசை. அப்பா ரிட்டயர்ட் கணக்கு வாத்தியார், நல்லா நடப்பாரு, ஆனா மெதுவாதான் நடப்பாரு, வெயில் ஆகாது. எந்த ஊர், எங்கேருந்து ஆரம்பிக்கலாம், மத்தியானம் கோயில் நடை சாத்துனப்புறம் என்ன பண்றது? கொஞ்சம் வெவரமா சொல்லுங்க.

அரசலாத்தங்கரை:
கணக்கு வாத்தியார்னு சொன்னப்புறம் யோசனையே வேணாங்க, கும்பகோணம் வாங்க. சாரங்கபாணி சன்னதித் தெருவுலதான் ராமானுஜன் வளந்த வீடு இருக்கு. சின்ன ஓட்டு வீடு, திண்ணை, தெருவப் பாத்த ஜன்னல், அதோரமா கட்டில், அவ்வளவுதான். ஆனா கணக்கு சொல்லிக்குடுத்த மனுஷன் அங்க நின்னா சீக்கிரம் கெளம்ப மாட்டாரு. அவர் படிச்ச டவுன் ஹைஸ்கூலும் இந்த ஊர்லதான், காவேரிக்கரைல 1854ல ஆரம்பிச்ச கவர்மென்ட் காலேஜும் இருக்கு, அங்கதான் 1904ல ஸ்காலர்ஷிப்போட சேந்து மத்த பாடத்துல ஃபெயிலாகி அத இழந்தாரு. அப்பாவுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும், இடத்தப் பாக்கட்டும்.

சென்னைலேருந்து ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ரயில்ல வந்தா விடியறதுக்குள்ள எறங்கிடலாம். மகாமகக்குளம் பக்கத்துலயே ரூம் போட்டுக்கோங்க. வெளிச்சம் வந்ததும் மொதல்ல குளத்த ஒரு சுத்து சுத்துங்க, சுத்தி 16 மண்டபம், நாயக்கர் காலத்துல கோவிந்த தீட்சிதர் கட்டுனது, எல்லாரும் கார்லேருந்தே எட்டிப்பாத்துட்டுப் போயிடுறாங்க, கிட்டப் போயி மேல்தளத்துக்கு அடில இருக்குற சிற்பத்தப் பாக்கணும். அடுத்த மகாமகம் 2028ல, அப்ப இப்படி நிதானமா நடக்கவே முடியாது. வடகரைல காசி விஸ்வநாதர், உள்ள கங்கை காவேரி எல்லாம் சேந்து ஒன்பது நதிக் கன்னிகள் வரிசையா நிக்கிறாங்க.

அங்கேருந்து நாகேஸ்வரன் கோயில். என்னையக் கேட்டா இந்த ஊர்ல ஒரே ஒரு கோயில்தான் பாக்க முடியும்னா இதத்தான் சொல்லுவேன். 9ஆம் நூத்தாண்டு கடைசி, ஆதித்த சோழன் காலம், பெரிய கோயிலுக்கெல்லாம் நூறு வருஷம் முன்னாடி. கருவறை வெளிச்சுவர்ல மாடத்துக்குள்ள நிக்கிற ஆண் பெண் உருவங்களப் பாருங்க, சாமி மாதிரியே இருக்காது, இந்த ஊர் ஜனங்க மாதிரி இருக்கும், ஒவ்வொரு மொகமும் வேற வேற. அதுக்குக் கீழ அடிவாரத்துல உள்ளங்கை அகலத்துல ராமாயணக் காட்சிங்க, குனிஞ்சு பாக்கணும். நெறைய பேரு உள்ள போயி தீபாராதனை பாத்துட்டு நேரா வெளிய வந்துடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

திருவையாத்துக்காரி:
நானும் கும்பகோணம் போறதத் தப்பு சொல்லல, ஆனா அந்த மத்தியான கேள்விக்குத் தஞ்சாவூர்தாங்க பதில். கும்பகோணத்துல 12 மணிக்கு நடை சாத்துனா சாயங்காலம் 4 மணி வரைக்கும் ரூம்லதான். தஞ்சாவூர்ல காலைல பெரியகோயில், வெயில் ஏறுனதும் அரண்மனைக்குள்ள போயிடலாம், சோழர் கால வெண்கலச் சிலைங்க, சரஸ்வதி மகால் மியூசியம், நெழலாவும் இருக்கும். சாயங்காலம் மேல ராஜ வீதி கீழ ராஜ வீதின்னு நடந்து கீழ அலங்கத்துல பீரங்கிமேடு ஏறுங்க, ரகுநாத நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கி, வார்த்தது இல்ல, இரும்புப் பட்டைய வளையத்தக் காய்ச்சி அடிச்சு சேத்தது, டூரிஸ்ட் யாரும் வர்றதில்ல. சிவகங்கைப் பூங்கா பக்கம் 1779ல கட்டுன சுவார்ட்ஸ் சர்ச்சும் நடக்குற தூரம்தான். பெரியகோயில் சுவர்ல சரபோஜி 1803ல தன் வம்ச வரலாற மராத்தில வெட்டி வச்சிருக்காரு, ராஜராஜன் கல்வெட்டுக்கும் அதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 800 வருஷம், ஒரே வளாகத்துல.

அரசலாத்தங்கரை:
அக்கா சொல்றது நியாயம், அரண்மனை மாதிரி எங்க ஊர்ல ஒண்ணும் இல்ல. ஆனா வயசானவர் மத்தியானம் மூணு மணி நேரம் படுத்து எழுந்தா நல்லதுதானே, அப்பதான் சாயங்காலம் தெம்பா நடப்பாரு.

ஒண்ணு முக்கியம், புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் கோயில் பக்கமே போயிடாதீங்க, சாரங்கபாணில கூட்டம் தாங்காது. சனிக்கிழமைக்கு சிவன் கோயில், ஞாயித்துக்கெழம காலைல பெருமாள்னு வச்சுக்கோங்க. சாரங்கபாணி கருவறையே சக்கரம் குதிரை எல்லாம் வச்ச கல்லுத்தேர், உள்ள போக உத்தராயண வாசல் தட்சிணாயன வாசல்னு ரெண்டு வழி. மார்கழி வரைக்கும் தட்சிணாயனம், அந்த வாசல்தான் தொறந்திருக்கும். கீழ கோபுரத்துலேருந்து வெளிய வந்தா அதே தெருவுல ராமானுஜன் வீடு, தொறக்குற நேரத்த மட்டும் முந்தின நாளே கேட்டுக்கோங்க. ராமசாமி கோயில் பிரகாரத்துல ராமாயணம் முழுக்க ஓவியமா இருக்கும், அங்கேருந்து வடக்க கடைத்தெருவுலயே நடந்தா சக்கரபாணி, அதத் தாண்டுனா காவேரி.

புரட்டாசில ஆத்துல தண்ணி ஓடும், படித்துறைல உக்காருங்க, கீழ்ப்படி பாசி புடிச்சு வழுக்கும், அப்பாவ எறங்க விடாதீங்க.

பாத்திரக்கடைத்_தெரு:
சனிக்கிழமை சாயங்காலத்த கும்பேஸ்வரர் பக்கம் வைங்க. கீழ வாசல்ல நொழஞ்சதும் ரெண்டு பக்கமும் கடையா நீளமா போகும், அது முடிஞ்சுதான் கோயில். சுத்துத்தெருவுல பித்தள பாத்திரக் கடைங்க, நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் இங்கயே கெடைக்கும், எடை போட்டுத்தான் வெல. டிபனுக்கு இட்லியோட கடப்பா கேளுங்க, பாசிப்பருப்பு உருளக்கெழங்கு தேங்காய் போட்டு வைக்கிறது, எல்லா நாளும் போட மாட்டாங்க, அதனால விசாரிச்சுட்டு உக்காருங்க. காபி எந்தத் தெருவுலயும் நல்லாத்தான் இருக்கும். அப்புறம் பத்து மணிக்கு மேல பிரகாரக் கல்லு சுடும், அப்பாவுக்கு ரெண்டு ஜோடி கெட்டி சாக்ஸ் எடுத்து வைங்க.

பட்டுக்கோட்டை_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்பாகிட்ட ராமானுஜன் வீடுன்னு சொன்னேன், இப்பவே பைய எடுத்து வச்சுட்டாரு. கும்பகோணம் முடிவாயிடுச்சு, தஞ்சாவூர தை மாசத்துக்கு வச்சுக்குறேன், பீரங்கிமேடு குறிச்சுக்கிட்டேன் அக்கா. தாராசுரத்தையும் இதுலயே சேக்க முடியுமா?

அரசலாத்தங்கரை:
சேக்கலாம், ஆனா நடக்க வேணாம், நாலு கிலோமீட்டர் மெயின் ரோடு, பஸ் லாரி தொந்தரவு, டவுன் பஸ்ல போங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் 4 மணிக்குப் போயி இருட்டுற வரைக்கும் இருங்க. அங்க இருக்குற ஐராவதேஸ்வரர் கோயில் ரெண்டாம் ராஜராஜன் கட்டுனது, 63 நாயன்மார் கதைய அடிவாரத்துல சின்னச் சின்ன பலகையா செதுக்கியிருக்காங்க. யானையும் காளையும் ஒரே தலையப் பங்கு போட்ட சிற்பத்த அப்பாவையே தேடச் சொல்லுங்க. திரும்பப் போற ரயில் ராத்திரிதான்னா நேரம் தாராளமா இருக்கு.