புதுச்சேரிக்கு வந்த ஜெனரல் தெகான் ஏன் மொரீசியஸுக்குப் போனார்?

ஆயர்_ஈத்தாம்_வாசகன்:
பினாங்கில் எங்கள் வாசகர் வட்டத்தில் பிரெஞ்சுத் தளபதி ஷார்ல் தெகான் பற்றிப் பேச வேண்டும். 1800-இல் ஆஸ்திரியருக்கு எதிரான ஹோஹென்லிண்டன் போரில் பெயர் எடுத்தவர், 1803-இல் புதுச்சேரிக் கடற்கரை வரை வந்துவிட்டு ஏன் உடனே கிளம்பினார்? மலாய்க் கரைக்கு அருகே புலாவ் ஆவுர் தீவில் நடந்த கடல் மோதலில் இருந்தாரா? ஓரிடத்தில் 'டிவிஷன் ஜெனரல்', இன்னோரிடத்தில் 'கேப்டன் ஜெனரல்' என்கிறார்கள். எது பெரிது?

செந்தூல்_சரித்திரம்:
கடைசிக் கேள்வி சுலபம். டிவிஷன் ஜெனரல் என்பது ராணுவத் தரம். கேப்டன் ஜெனரல் என்பது வேலை: நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சு இடங்களுக்கெல்லாம் தலைமை. ஒன்றை மற்றதற்கு மேல் வைக்காதீர்கள்.

புதுச்சேரி விஷயம் முழுக்கத் தேதிக் கணக்கு. பிரிட்டனும் பிரான்சும் செய்த 1802 ஆமியேன் சமாதான ஒப்பந்தப்படி ஆங்கிலேயர் ஊரைத் திருப்பித் தர வேண்டும். அதை ஏற்கத் தெகான் 1803 மார்ச் 6-இல் பிரெஞ்சு அட்மிரல் லினுவாவின் கப்பல்களில், ஆயிரத்துச் சொச்சம் வீரர்களோடு பிரெஸ்ட்டிலிருந்து புறப்பட்டார். மே 18-இல் இரு நாடுகளுக்கும் மறுபடி போர் மூண்டது. நடுக்கடலில் யார் சொல்வது? ஜூலை 11-இல் வந்து சேர்ந்தால், ஆங்கிலேயர் ஊரை ஒப்படைக்கவில்லை. கடலூர்ப் பக்கம் ஆங்கில அட்மிரல் ரெய்னியரின் கப்பல்கள். புதுச்சேரியில் அப்போது துறைமுகமும் கிடையாது. கப்பல் வெளியே நிற்க, ஆளையும் பீரங்கியையும் மசூலா என்னும் கரையோரப் படகில் அலை தாண்டி இறக்க வேண்டும். அவ்வளவு படையை எதிரி கண்ணெதிரே இறக்குவது தற்கொலை. மறுநாள் பிரான்சிலிருந்து எச்சரிக்கையோடு ஒரு தூதுக் கப்பல் வர, இரவோடு இரவாக நழுவி ஆகஸ்ட்டில், அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த மொரீசியஸ் சேர்ந்தார்கள். முன்னமே கரையிறங்கிய சிறு பிரிவுதான் மாட்டிக்கொண்டது.

மெர்சிங்_படகு:
புலாவ் ஆவுரில் தெகான் இல்லை அண்ணே, அவர் மொரீசியஸில். 1804 பிப்ரவரி 14-இல் அந்தத் தீவருகே சீனாவிலிருந்து வந்த ஆங்கில வணிகக் கூட்டத்தை லினுவா கண்டார். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் மட்டும் 16. அவரிடம் இருந்தவை 5. அதில் மரெங்கோ 74 பீரங்கிக் கப்பல். வணிகத் தலைவர் டான்ஸ் சில கப்பல்களில் போர்க்கப்பல் கொடி ஏற்றி, இரவெல்லாம் அணிவகுத்து நின்றார். லினுவா காலைவரை காத்திருந்தார்; சற்று நேரம் சுட்டுக்கொண்டதும் ஓடிவிட்டார். தெகான் கொதித்துப்போனார். எனக்கென்னவோ அவர் வாழ்க்கையின் சிக்கலே இதுதான்: தரைப்படைக்காரர், கடலை நம்பிய பதவி, கப்பலோ வேறொருவர் கையில்.

செந்தூல்_சரித்திரம்:
சரி. 1810-இலும் அதே கதை. ஆகஸ்ட்டில் மொரீசியஸின் கிராண்ட் போர்ட்டில் நாலு ஃபிரிகேட் போர்க்கப்பல்களை இழந்தும், நவம்பர் 29-இல் ஆங்கிலேயர் ஏறத்தாழ 10,000 பேர் தீவின் வடகரையில் இறங்கினார்கள், மெட்ராஸ் சிப்பாய்கள் உட்பட. பவளப்பாறை காக்கும் என்று பிரெஞ்சுக்காரர் நம்பிய கரை அது. ஆங்கிலேயரோ முன்கூட்டியே ஆழம் பார்த்து வழி கண்டிருந்தார்கள். தெகானிடம் நிரந்தரப் படை 2,000 கூட இல்லை. ஆனாலும் பேரம் பேசினார்: வீரர்கள் கைதியாகாமல் பிரான்சுக்குத் திரும்பினார்கள். 1811-இல் அவருக்குக் கட்டலோனியாவில் படைத்தலைமை கிடைத்தது.

சரணடைந்தது டிசம்பர் 3. ஹோஹென்லிண்டனும் 1800 டிசம்பர் 3 தான். அப்போது பிரான்சில் இருந்த புரட்சிக் காலண்டரில் 9-ஆம் ஆண்டு பிரிமேர் 12 என்றிருக்கும். ஒரே தேதியைப் பார்த்து அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

மெர்சிங்_படகு:
பினாங்கில் பேசுவதால் ஆங்கிலேயரின் 1811 ஜாவாப் படையெடுப்பைப் பற்றி யாராவது கேட்பார்கள். அங்கே சரணடைந்தவர் டச்சுக்கார ஆளுநர் யான்சென்ஸ். தெகானோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.