பள்ளியில் பாகுபாடு: புகார் கொடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். என் அக்கா மகள் இங்கே அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தைப்பூசக் காவடிக்குக் கட்டிய மஞ்சள் கயிற்றைக் கழற்றச் சொல்லி ஓர் ஆசிரியை எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறார். அப்புறம் சில பிள்ளைகள் அவள் திருநீற்றையும் கேலி செய்ய ஆரம்பித்து, வாட்ஸ்அப்பிலும் தொடர்கிறார்கள். பள்ளிக்குப் போகச் சொன்னாலே அழுகிறாள். முதல்வரிடம் வாய்மொழியாகச் சொன்னோம், ஒன்றும் நடக்கவில்லை.

2007இல் டர்பன் பள்ளி மாணவி ஒருத்தியின் மூக்குத்தி வழக்கில், அதைத் தடுத்தது பாகுபாடுதான் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவளும் நம் தமிழ்ப் பிள்ளைதான். அதனால்தான் எனக்கு நம்பிக்கை. 2000ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே இயங்கும் சமத்துவ நீதிமன்றத்தில் வக்கீலும் கட்டணமும் இல்லாமல் புகார் கொடுக்கலாம். மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம்.

யாராவது அந்த நீதிமன்றத்தின் புகார்ப் படிவத்தை நிரப்பியிருக்கிறீர்களா? முதலில் பள்ளி நிர்வாகக் குழுவுக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுப்பது நல்லதா, நேராகவே நீதிமன்றத்துக்குப் போகலாமா? செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறோம், அது போதுமா? எனக்குப் பெரிய கவலை, பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது. அதற்கு என்ன செய்யலாம் என்று தெரிந்த அண்ணன்மார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள். தனிச்செய்தி அனுப்பினாலும் சரி.