புதுப்பிப்பு: பெடியளின் பேஸ்போல் அணியில் என் மகள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளுக்கென்று பேஸ்போல் அணி இல்லை, பதினைந்து வயது மகள் பெடியளோடு விளையாடக் கேட்கிறாள், விடலாமா என்று முன்பு எழுதியிருந்தேன். சேர்த்துவிட்டோம். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"சொப்ட்போலுக்கு விடுங்கோ" என்று சிலர் சொன்னீர்கள். அதுவும் பேஸ்போல் மாதிரித்தான், பந்து கொஞ்சம் பெரிது. அவளுக்குப் பந்து எறிவதில்தான் ஆசை, அது இரண்டிலும் ஒன்றல்ல. சொப்ட்போலில் கையைக் கீழால் சுழற்றி எறிய வேண்டும், பெண்கள் ஆட்டத்தில் எறிபவரிடமிருந்து அடிப்பவர் நிற்கும் இடத்துக்குத் தூரம் 43 அடி. பேஸ்போலில் தோளுக்கு மேலால், 60 அடி 6 அங்குலம். தொடக்கத்தில் பந்து பாதியிலேயே நிலத்தில் குத்தியது. இப்போது நேராகப் போய்ச் சேருகிறது. பயிற்றுநர் வேகத்தைப் பற்றிக் கதைப்பதே இல்லை, கால் வைப்பையும் இடுப்புத் திருப்பத்தையும்தான் பார்க்கிறார். தோள் நோகாமல் இருக்க எறிகளை எண்ணி நிறுத்துகிறார். எனக்கு அது பெரிய நிம்மதி.

மோனே டேவிஸைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். 2014இல், 13 வயதில், அமெரிக்காவில் நடக்கும், சிறுவர்களுக்கான பேஸ்போல் போட்டியான லிட்டில் லீக் உலகத் தொடரில் எதிரணிக்கு ஒரு ஓட்டமும் கொடுக்காமல் எறிந்து வென்ற முதல் பெண்பிள்ளை. ஆனால் இவளைப் பிடித்துக்கொண்டது ஜப்பானின் எரி யோஷிடாதான். 2008இல், 16 வயதில், ஆண்களின் தொழில்முறை அணிக்குத் தெரிவானவர். அவருடைய ஆயுதம் நக்கிள்போல்: வேகம் குறைவு, பந்து சுழலாது, எந்தப் பக்கம் விலகும் என்று அடிப்பவருக்குத் தெரியாது. இப்போது பின்னேரங்களில் வளவுக்குள் தம்பியை நிறுத்திவைத்து அதையே எறிந்து பழகுகிறாள்.

அம்மம்மாவின் கவலை வெயிலில் பிள்ளை கறுத்துப்போவாள் என்பது. அதற்காக நான் நிறுத்தப்போவதில்லை.

சரி, ஒரு உதவி. அவளுடைய கைக்கு அளவான கையுறை கொழும்பில் எங்கே வாங்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.